தண்ணீர்த் தட்டுப்பாடு: குற்றவாளி யார்?

 

கோடை வந்து குழாய்கள் வறண்டுவிட்டால் நம் வீடுகளிலும் மஹல்லாக்களிலும் ஒரே பேச்சுதான் எழுகிறது. "தண்ணீரின் அருமை மக்களுக்குத் தெரியவில்லை, வீட்டுக்கு வீடு வீணாக்குகிறார்கள்" என்பதே அப்பேச்சு. பாத்திரம் துலக்கும் பெண்ணும், துணி அலசும் தாயும், பள்ளிவாசல் குழாயடியில் உளூச் செய்யும் முதியவரும் அதில் குற்றவாளிகளாக நிறுத்தப்படுகின்றனர். பயான்களிலும் இதே தொனியைக் கேட்கிறோம்.

வீண்விரயம் பாவம் என்பதில் நமக்கு ஐயம் ஏதுமில்லை. ஆனால் ஓர் ஊரே தாகத்தில் தவிக்கிறது என்றால் அதற்குக் காரணம் அந்த ஊரின் அடுக்களைகள்தானா? இக்கேள்விக்கு நம் மார்க்க மூலங்களிலும் இஸ்லாமிய வரலாற்றிலும் விடை இருக்கிறது. அவ்விடையின் ஒரு பாதியை நாம் நன்றாகவே மனனம் செய்து வைத்திருக்கிறோம். மறுபாதியை மறந்துவிட்டோம். இரண்டையும் சேர்த்துப் படிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு முத்து, ஒரு ஸாஉ

முதலில் நாம் அறிந்த பாதியைப் பார்ப்போம். மதீனா, ஆறு இல்லாத ஊர். கிணறுகளையும், மழை பெய்தால் மட்டும் ஓடும் ஓடைகளையும் நம்பியே அம்மக்கள் வாழ்ந்தனர். அங்கே நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவுத் தண்ணீரில் உளூச் செய்வார்கள் என்றும், ஒரு ஸாஉ முதல் ஐந்து முத்து வரையிலான தண்ணீரில் குளிப்பார்கள் என்றும் அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. முத்து என்பது நடுத்தர உடலமைப்புள்ள ஒருவர் இரு கைகளையும் சேர்த்து அள்ளும் அளவு. நான்கு முத்து சேர்ந்தால் ஒரு ஸாஉ. இன்றைய கணக்கில் ஒரு முத்து முக்கால் லிட்டரைத் தாண்டாது என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. ஹனஃபி மத்ஹபின் கணக்கில் ஏறத்தாழ ஒரு லிட்டர் வரும்.

ஜாபிர் (ரலி) அவர்களிடம் சிலர் குளிப்பைப் பற்றிக் கேட்டபோது, ஒரு ஸாஉ போதும் என்றார்கள். அங்கிருந்த ஒருவர் தமக்கு அது போதாது என்றார். உம்மை விட அடர்ந்த முடியும் உம்மை விடச் சிறப்பும் உடைய ஒருவருக்கு அது போதுமானதாக இருந்தது என்று ஜாபிர் (ரலி) அவர்கள் பதிலளித்தார்கள். இதுவும் புகாரியில் பதிவாகியுள்ளது.

இதை மாணவர்களுக்கு விளக்குவதற்காக எங்கள் மதரஸாவில் ஒருமுறை குழாய்க்கு அடியில் வாளியை வைத்து உளூச் செய்யச் சொன்னேன். குழாயை மூடாமல் உளூச் செய்து முடித்தவனின் வாளி பாதிக்கு மேல் நிரம்பியிருந்தது. ஒரு குவளையில் மொண்டு செய்தவனுக்கு ஒரு லிட்டரே மிகுதியாக இருந்தது. இருவரின் உளூவும் நிறைவேறியதே. ஆயினும் அந்த வாளியைப் பார்த்த பிறகு பாடம் நடத்த வேண்டிய தேவை எனக்கு இருக்கவில்லை.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். ஓடும் ஆற்றின் கரையில் இருந்தாலும் உளூவில் விரயம் கூடாது என்ற கருத்தில் இப்னு மாஜாவில் ஒரு ஹதீஸ் உண்டு. அதன் அறிவிப்பாளர் தொடரில் பலவீனம் இருப்பதாக ஹதீஸ் கலை வல்லுநர்கள் குறிப்பிட்டாலும், அதன் கருத்தை ஃபிக்ஹ் அறிஞர்கள் ஏற்று, ஆற்றங்கரையிலும் விரயம் வெறுக்கத்தக்கது என்றே எழுதியுள்ளனர். ஆற்றங்கரையில் தட்டுப்பாடு ஏது? ஒருவர் கூடுதலாக இரண்டு கை அள்ளினால் ஆறு வற்றிவிடப் போவதில்லை. ஆகவே விரயம் குறித்த சட்டம் தட்டுப்பாட்டை முன்னிட்டுப் பிறந்ததன்று. அது அடியானுக்கும் அவனது இறைவனுக்கும் இடையிலான அதபு. நீர் நிறைந்திருந்தாலும் குறைந்திருந்தாலும் அது மாறாது. தட்டுப்பாடு ஏன் வருகிறது, அதற்கு யார் பொறுப்பு என்பது வேறொரு வழக்கு. அவ்வழக்கில் மார்க்கம் வழங்கிய தீர்ப்பு வேறு இடத்தில் இருக்கிறது.

ரூமா கிணற்றின் பாடம்

ஹிஜ்ரத் செய்து மதீனாவுக்கு வந்த முஹாஜிர்களுக்கு அங்கே நல்ல தண்ணீர் கிடைப்பது அரிதாக இருந்தது. சுவையான நீருக்குப் பெயர் பெற்ற ரூமா கிணறு தனியாருக்குச் சொந்தம். அதன் நீர் விலைக்கே கிடைத்தது. கையில் பொருளில்லாமல் வீடு வாசலை விட்டு வந்தவர்கள் என்ன செய்வார்கள்? அக்கிணற்றை வாங்கி, தமது வாளியையும் மற்ற முஸ்லிம்களின் வாளியையும் சமமாக ஆக்குபவருக்குச் சொர்க்கத்தில் அதைவிடச் சிறந்தது உண்டு என நபி (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். உஸ்மான் (ரலி) அவர்கள் தமது சொந்தப் பொருளால் அதை வாங்கி எல்லோருக்கும் பொதுவாக்கினார்கள். விலை எவ்வளவு என்பதில் அறிவிப்புகள் வேறுபடுகின்றன, செயலில் வேறுபாடில்லை.

அன்றைய மதீனாவின் தாகத்துக்குக் காரணம் என்ன? கிணற்றில் நீர் இருந்தது. வாளியும் கயிறும் இருந்தன. நீருக்கும் தாகத்துக்கும் இடையே விலை நின்றது. எனவே நபியவர்கள் தந்த தீர்வு அந்த விலையை அகற்றுவதாக இருந்தது. வாங்கியவரின் வாளிக்கும் தனிச் சலுகை இல்லை என்ற நிபந்தனையையும் நாம் கவனிக்க வேண்டும். பொருள் கொடுத்த செல்வந்தரும் வரிசையில் ஒருவரே.

அதே உஸ்மான் (ரலி) அவர்கள் ஹிஜ்ரி 35இல் தமது வீட்டில் முற்றுகையிடப்பட்டபோது அவர்களுக்குத் தண்ணீர் மறுக்கப்பட்டது. எந்தக் கிணற்றை வாங்கிப் பொதுவாக்கினார்களோ அதன் நீரைக் கூட அருந்த விடாமல் தடுக்கிறீர்களே என்று அவர்கள் முற்றுகையிட்டோரிடம் கேட்ட செய்தி திர்மிதி முதலான நூல்களில் உள்ளது. நீர் ஏராளமாக இருக்கும் ஊரிலும் ஒரு மனிதரைத் தாகத்தில் வைக்க முடியும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

மேட்டு நிலமும் பள்ள நிலமும்

மதீனாவின் ஹர்ராப் பகுதியில் மழைநீர் ஓடும் வாய்க்கால்கள் இருந்தன. அந்த நீரைப் பற்றி ஸுபைர் (ரலி) அவர்களுக்கும் அன்ஸாரிகளில் ஒருவருக்கும் வழக்கு எழுந்தது. ஸுபைரின் நிலம் மேட்டில். அன்ஸாரியின் நிலம் கீழே. உமது நிலத்துக்குப் பாய்ச்சிவிட்டு அண்டை வீட்டாருக்கு விட்டுவிடும் என்று நபி (ஸல்) அவர்கள் ஸுபைரிடம் கூறினார்கள். அத்தை மகன் என்பதால்தான் இந்தத் தீர்ப்பா என்று அன்ஸாரி கேட்டுவிட்டார். நபியவர்களின் முகம் மாறியது. பின்னர் வரப்பை எட்டும்வரை நீரைத் தேக்கிக்கொண்டு அதன் பிறகு விடும்படி ஸுபைருக்கு அவரது முழு உரிமையையும் வழங்கினார்கள். அந்த அளவைப் பின்வந்தோர் கணுக்கால் உயரம் எனக் கணித்தனர். மஹ்ஸூர் என்னும் ஓடையைப் பற்றிய தீர்ப்பிலும் கணுக்கால் வரை தேக்கிப் பின் கீழே விட வேண்டும் என்றே வந்துள்ளது.

மேட்டு நிலத்துக்காரருக்கு முதலுரிமை உண்டு. ஆனால் கணுக்கால் அளவோடு அவ்வுரிமை முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் தேங்கும் ஒவ்வொரு துளியும் கீழே இருப்பவரின் பங்கு.

இதே நீதி வேறு பல நபிமொழிகளிலும் ஒலிக்கிறது. தண்ணீர், புல், நெருப்பு ஆகிய மூன்றிலும் முஸ்லிம்கள் பங்காளிகள் என்பது அபூதாவூதில் இடம்பெற்ற செய்தியின் கருத்து. வழியோரத்தில் தன்னிடம் மிஞ்சிய நீரைப் பயணிக்குத் தர மறுத்தவனை மறுமையில் அல்லாஹ் ஏறிட்டும் பார்க்கமாட்டான் என்பது புகாரியில் உள்ள செய்தி. உளூவில் கூடுதலாக நீர் ஊற்றியவனுக்கு இத்தகைய கடும் எச்சரிக்கை வரவில்லை. மிஞ்சியதைத் தடுத்து வைத்தவனுக்கே வந்திருக்கிறது. இரண்டும் தவறுகள்தாம். எது பெரிது என்பதை மார்க்கமே நிறுத்துக் காட்டிவிட்டது.

வாய்க்காலைத் தூர்வாருவது யார் கடமை?

பிற்கால அறிஞர்கள் இந்த அடிப்படைகளிலிருந்து முழுமையான நீர்ச் சட்டத்தையே உருவாக்கினர். ஹிஜ்ரி 182இல் மறைந்த இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்கள் கலீஃபா ஹாரூன் ரஷீதுக்காக எழுதிய கிதாபுல் கராஜ் என்னும் நூலில் பொறுப்புகளைத் தெளிவாகப் பிரித்துள்ளார்கள். டைகிரீஸ், யூப்ரடீஸ் போன்ற பேராறுகளிலிருந்து பிரியும் பெருங்கால்வாய்களைப் பராமரிக்கும் செலவில் அரசுக் கருவூலத்துக்குப் பங்குண்டு. அவற்றிலிருந்து தனியார் தம் வயல்களுக்கு வெட்டிக்கொள்ளும் சிறு வாய்க்கால்களைத் தூர்வாருவது அவரவர் கடமை. தாகத்துக்குக் குடிக்கவும் கால்நடைக்குக் காட்டவும் உள்ள உரிமையோ யாராலும் தடுக்க முடியாதது.

பொறுப்புகளை இப்படிப் பிரித்து வைத்தால்தான் குற்றவாளி யார் என்று கேட்க முடியும். பெருங்கால்வாய் தூர்ந்து போனதற்கு, கடைமடையில் குடம் ஏந்தி நிற்கும் பெண்ணை யாரும் குறை சொல்ல முடியாது.

வரலாறு இதற்கு இரு பக்கங்களிலும் சான்று தருகிறது. ஹாரூன் ரஷீதின் துணைவியார் ஸுபைதா அம்மையார் காலத்தில் மக்காவில் ஒரு தோல்பை நீர் ஒரு தீனாருக்கு விற்றதாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். அவர் மலைகளைக் குடைந்து ஊற்று நீரை மக்காவுக்குக் கொண்டுவந்தார். செலவு மிகும் என்று பொறுப்பாளர் தயங்கியபோது, மண்வெட்டியின் ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு தீனார் செலவானாலும் பணியைத் தொடரச் சொன்னார் என்பது புகழ்பெற்ற செய்தி. ஹிஜ்ரி 216இல் (கி.பி. 831) அவர் மறைந்த பிறகும் பல நூற்றாண்டுகள் ஹாஜிகள் அந்த நீரைப் பருகினர். அது பழுதடைந்தபோதெல்லாம் ஆட்சியாளர்களும் செல்வந்தர்களும் சீர்செய்தனர். 16ஆம் நூற்றாண்டில் அதைச் செய்ய முன்வந்தவரும் ஒரு பெண்மணியே. உதுமானிய சுல்தான் சுலைமானின் மகள் மிஹ்ரிமா.

மறுபக்கம், பக்தாதின் கிழக்கே பரந்த நிலங்களுக்கு உயிராக இருந்தது நஹ்ரவான் கால்வாய். ஹிஜ்ரி 326இல் (கி.பி. 937/938) அதிகாரப் போட்டியில் சிக்கிய இப்னு ராயிக் என்ற தளபதி, எதிரியின் படையைத் தடுப்பதற்காக அக்கால்வாயை உடைத்துவிட்டார். படை நிற்கவில்லை, அவரது ஆட்சிதான் போயிற்று. கால்வாயைப் பின்னர் சீர்செய்ய முயன்றும் அதன் பழைய வளம் முழுமையாகத் திரும்பவில்லை. அந்நிலங்கள் காலப்போக்கில் பாழாயின. அங்கே வறண்டுபோன கிராமங்களின் மக்கள் நீரை வீணாக்கியா அந்நிலைக்கு வந்தார்கள்?

சென்னையின் 2019

இனி நம் காலத்துக்கும் நம் மண்ணுக்கும் வருவோம். 2019 ஜூன் மாதம் சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் அநேகமாக வறண்டு கிடந்தன. அவற்றின் மொத்தக் கொள்ளளவு சுமார் 11 டி.எம்.சி. ஜூலை 12ஆம் நாள் ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் நீருடன் முதல் ரயில் வில்லிவாக்கம் வந்தது. நகரத்தின் ஒரு நாள் தேவையோ 80 கோடி லிட்டருக்கும் மேல். அந்த நாள்களில் தெருமுனையில் வண்ண வண்ணப் பிளாஸ்டிக் குடங்களை வரிசையில் வைத்துவிட்டு லாரிக்காக இரவெல்லாம் விழித்திருந்த பெண்களை நாம் பார்த்தோம்.

நகர மக்களுக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் வேண்டும் என்பது நம் நாட்டில் பின்பற்றப்படும் அளவுகோல். குடத்துக்காகக் காத்திருந்த வீடுகளுக்கு அதன் சிறு பங்குகூடக் கிடைக்கவில்லை. இல்லாத தண்ணீரை அவர்கள் எப்படி வீணாக்கியிருக்க முடியும்?

2018ஆம் ஆண்டின் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது உண்மை. மழை அல்லாஹ்வின் நாட்டம். ஆனால் 2015 டிசம்பரில் இதே நகரம் வெள்ளத்தில் மூழ்கியதே! அன்று வந்த நீரைத் தாங்கி வைக்க வேண்டிய ஏரிகளும் சதுப்பு நிலங்களும் எங்கே போயின? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் பெரும்பகுதி கட்டடங்களாகவும் சாலைகளாகவும் குப்பைமேடாகவும் மாறியது. எத்தனையோ ஏரிகள் இன்று பேருந்து நிறுத்தங்களின் பெயர்களில் மட்டுமே வாழ்கின்றன. அபூயூசுஃப் (ரஹ்) அவர்களின் அளவுகோலால் பார்த்தால் இவை பெருங்கால்வாய்களின் பட்டியலில் சேர்ந்தவை. அவற்றைக் காப்பது ஆள்வோரின் கடமை.

சென்னைப் பெருநகரப் பகுதியின் நிலத்தடி நீரை முறைப்படுத்த 1987ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது. ஆயினும் புறநகர்க் கிராமங்களின் கிணறுகளிலிருந்து லாரி லாரியாக நீர் நகருக்கு விற்கப்பட்டது. தங்கள் கிணறுகள் வற்றுவதைக் கண்ட கிராமத்தார் லாரிகளை மறித்தனர். ரூமா கிணற்றின் கதை அங்கே தலைகீழாக நடந்தது. பொதுவான நீர் விலைப்பொருளாயிற்று.

இந்தியா முழுவதையும் எடுத்துக்கொண்டால், எடுக்கப்படும் நன்னீரில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் பாசனத்துக்கே செல்கிறது. வீடுகளின் பங்கு பத்தில் ஒன்றைவிடக் குறைவு. இதனால் உழவரைக் குற்றவாளியாக்கிவிடக் கூடாது. அந்த நீரில் விளைந்த சோற்றையே நாம் உண்கிறோம். பல் துலக்கும்போது குழாயை மூடுவதால் மட்டும் ஒரு மாநிலத்தின் தாகம் தீர்ந்துவிடும் என்று நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ள வேண்டாம் என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

நாம் மேட்டிலா, பள்ளத்திலா?

அப்படியானால் வீடுகள் அனைத்தும் குற்றமற்றவையா? இல்லை. வீடுகளிலும் மேட்டு நிலம் உண்டு; பள்ள நிலமும் உண்டு. அன்று மேடு என்பது வாய்க்காலின் தலைப்பு. இன்று ஆழத்தில் இருப்பவனே மேட்டு நிலத்துக்காரன். முந்நூறு அடி ஆழ்துளைக் கிணறு வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்கு முன்னால் நாம் ஆயிரம் அடி போட்டு மோட்டாரை ஓடவிட்டால், அவருடைய கணுக்கால் அளவு நீரையும் சேர்த்தே உறிஞ்சுகிறோம். பொதுக்குழாயின் இணைப்பில் மோட்டாரைப் பொருத்தி இழுப்பவருக்கும், காரைக் கழுவிய நீர் தெருவில் ஓட, எதிர் வீட்டில் குடம் காலியாக இருப்பதைக் கண்டும் காணாதவர் போல் இருப்பவருக்கும் இதே சட்டம்தான். ஸுபைர் (ரலி) அவர்களுக்கே எல்லை வகுத்த தீர்ப்பு நமக்குப் பொருந்தாமல் போகுமா?

இன்னொரு வகைக் குற்றமும் உண்டு. அது ஸமூத் கூட்டத்தாரின் குற்றம். ஸாலிஹ் (அலை) அவர்களின் ஒட்டகத்துக்கு ஒரு நாள், அம்மக்களுக்கு ஒரு நாள் எனத் தண்ணீர் முறை வைத்துப் பங்கிடப்பட்டதைக் குர்ஆன் கூறுகிறது. அம்முறையை அவர்களால் பொறுக்க முடியவில்லை. ஒட்டகத்தை வெட்டியவன் ஒருவன்தான். அல்கமர் அத்தியாயம் அவனைத் தனியாகவே குறிப்பிடுகிறது. மற்றவர்கள் அவனை அழைத்தனர் என்றும் சொல்கிறது. ஆனால் அஷ்ஷம்ஸ் அத்தியாயம் அதே செயலை அந்தக் கூட்டத்தார் அனைவரின் செயலாகப் பன்மையில் உரைக்கிறது. ஒருவன் வெட்டினான், மற்றவர்கள் உடன்பட்டனர். தண்டனை அனைவருக்கும் வந்தது. பின்னாளில் தபூக் பயணத்தின்போது அப்பகுதியைக் கடந்த நபி (ஸல்) அவர்கள், அங்குள்ள கிணறுகளின் நீரைக் கொட்டிவிடவும், அதில் பிசைந்த மாவை ஒட்டகங்களுக்குப் போட்டுவிடவும், ஸாலிஹ் நபியின் ஒட்டகம் அருந்திய கிணற்றில் மட்டும் நீர் எடுக்கவும் கட்டளையிட்டார்கள்.

ஏரி ஆக்கிரமிக்கப்படும்போது அதை ஆக்கிரமிப்பவர் சிலரே. அதே ஏரியில் போடப்பட்ட மனை விலை மலிவு என்று வாங்குபவர்களும், கிராம சபையில் அதைக் கேட்காமல் இருப்பவர்களும், வாக்குக் கேட்டு வந்தவரிடம் அதைப் பற்றி ஒரு சொல் பேசாதவர்களும் பலர். அந்தப் பலரில் நாமும் இருக்கிறோமா என்பதே ஒவ்வொரு வீடும் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

நம் மஹல்லா செய்யக்கூடியவை

இப்படிப் பேசினால் மக்கள் மனம்போல் வீணாக்குவார்களே என்று சிலர் அஞ்சலாம். அந்த அச்சம் தேவையில்லை. ஏரியைக் காக்கத் தவறியவர் தமது கணக்கைக் கொடுப்பார். திறந்துவிட்ட குழாய்க்கான கணக்கை நாம் கொடுப்போம். ஒருவருடைய குற்றம் மற்றவருடைய குற்றத்தை அழித்துவிடாது.

பள்ளிவாசலில் தானாக மூடிக்கொள்ளும் குழாய்களைப் பொருத்துவது எளிது. உளூச் செய்த நீர் ஷாஃபி மத்ஹபில் மீண்டும் உளூவுக்கு ஆகாது. ஆனால் அது தூய்மையானதே. அதை மரங்களுக்குப் பாய்ச்சலாம். மழைநீர் சேகரிப்பு தமிழகத்தில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம். நம் பள்ளிவாசல், மதரஸா, வீடு ஆகியவற்றில் அது இன்றும் இயங்குகிறதா, மண் மூடிக் கிடக்கிறதா என்று இந்த வாரமே பார்க்க வேண்டும். பள்ளிவாசலின் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து தெருப்பக்கம் ஒரு குழாய் வைத்து, எந்தச் சமயத்தார் வந்தாலும் குடம் நிரப்பிச் செல்லும்படி செய்தால் அதுவே நம் ஊரின் ரூமா. ஸஅத் பின் உபாதா (ரலி) அவர்கள் மறைந்த தம் தாயாருக்காக எந்த தர்மம் சிறந்தது எனக் கேட்டபோது நபியவர்கள் தண்ணீரையே கூறினார்கள்.

இவற்றோடு ஜமாஅத் நிர்வாகிகள் ஊர்ப் பெரியவர்களுடனும் அண்டைச் சமூகத்தாருடனும் சேர்ந்து ஊரின் குளத்தைப் பற்றியும் வரத்து வாய்க்காலைப் பற்றியும் ஊராட்சியிடம் எழுத்தில் கேட்க வேண்டும். இதை அரசியல் என்று ஒதுக்கிவிட முடியாது. ரூமா கிணற்றின் சுன்னத் இது.

அடுத்த கோடையில் யாரேனும் நம் வீட்டுப் பெண்களைப் பார்த்து, நீங்கள்தான் தண்ணீரை வீணாக்குகிறீர்கள் என்று பயான் செய்தால், முத்தையும் ஸாஉவையும் பணிவோடு கேட்டுக்கொள்வோம். அதன் பின் கணுக்கால் அளவைப் பற்றியும் பேசுங்கள் என்று பயான் செய்பவரிடம் கேட்போம்.

தன் அருளால் வானிலிருந்து நீரை இறக்குபவனாகிய அல்லாஹ், அதை வீணாக்காமல் பயன்படுத்தும் பண்பையும், தடுக்காமல் பகிரும் மனத்தையும் நம் அனைவருக்கும் வழங்குவானாக. ஆமீன்.